பதினைந்து முதல் முப்பத்துநான்கு வரை

ஜூன் 3

தம்பிக்கு,

உங்களுக்கு இனி ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று இரண்டு வருஷமாக வைராக்கியமாக இருந்தேன். உங்கள் அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன அன்று, உறவுக்காரர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி, "என் அண்ணனைப் பஞ்சுக்குத் தின்னக் கொடுத்துட்டீங்க அண்ணி" என்று சொன்னீர்களே, அதை நான் மறக்கவில்லை. மறக்கப்போவதும் இல்லை. ஆனால் பெற்ற வயிறு என்று ஒன்று இருக்கிறது. அது மானம் ரோஷம் பார்க்காது.

வாலுவுக்கு உடம்பு சரியில்லை. நீங்கள் வைத்த பெயர்தான் இன்னும் நிலைத்திருக்கிறது. இருபது வயதாகிறது, மெத்தைக் கம்பெனியில் ஓரம் தைக்கிறாள், ஆனாலும் தையல் வரிசையில் எல்லோருக்கும் அவள் வாலுதான். ஏப்ரல் மாதத்திலிருந்து இருமல். சாயங்காலமானால் உடம்பு கொதிக்கிறது. விடிந்தால் தலையணை நனைந்து கிடக்கிறது. போன வருஷம் தைத்த சட்டை தோளில் நிற்க மாட்டேனென்கிறது. கம்பெனி டாக்டர் நெஞ்சில் குழாயை வைப்பதற்கு முன்பே "பஞ்சு இருமல்" என்று சொல்லி, ஒரு பாட்டில் சிவப்பு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். இங்கே எல்லோருக்கும் அதே பெயர்தான். பஞ்சு ரோட்டுக்குப் பறந்துவிடக் கூடாதென்று ஜன்னலையெல்லாம் ஆணியடித்து மூடியிருக்கிறார்கள். இருமாதவன் ஒருவன் கண்ணில் பட்டால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் என்று அர்த்தம்.

நேற்று உங்கள் காசநோய்த் தடுப்பு ஆபீஸின் எக்ஸ்ரே வண்டி கம்பெனிக் குடியிருப்புக்கு வந்தது. வாலு மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் நர்ஸம்மா, "உனக்கு என்ன வயசு? அம்பத்தஞ்சுக்கு மேல இருக்கறவங்களுக்கு மட்டும்தான்மா" என்று இறக்கிவிட்டுவிட்டார். கெஞ்சியதற்கு, கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாராம். நான் போய்ப் பார்த்தேன். கீழே உங்கள் கையெழுத்து. வால் நீண்டு தாளின் ஓரத்தைத் தொடும் அந்தக் கையெழுத்தை எனக்கா தெரியாது? பரீட்சைக்குப் படித்த காலத்தில் எங்கள் அறைச் சுவர் முழுக்க அதைப் போட்டுப் பழகியவர்தானே நீங்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாமே என்பீர்கள். போகலாம். காசநோய் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அது சூப்பர்வைசர் காதுக்குப் போனால் மறுநாளே அறையைக் காலி செய்ய வேண்டும். தொழிலாளிக்கு அந்த நோய் என்றால் கம்பெனி பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் அப்படி ஒரு தொழிலாளியே இருக்கக் கூடாது. உங்கள் வண்டியில் எடுக்கிற படம் மட்டும்தான் கம்பெனி கைக்குப் போகாது என்கிறார்கள். வண்டி அடுத்த திங்கள் வரை பக்கத்துக் குடியிருப்பில்தான் நிற்கிறது. இந்தப் பெண்ணையும் பார்க்கவும் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

அண்ணி


ஜூன் 8

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன். முழுவதும் படிக்க முடியவில்லை, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். வாயைத் திறந்தால் "டேய்" என்று கூப்பிட்டுச் சோறு போட்டவர், "நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கிடைக்க வேண்டியதுதான். அன்றைக்குக் கூடத்தில் நான் பேசியது துக்கத்தில் பேசியது. அதைப் பற்றி நேரில்தான் பேச முடியும் என்று நினைக்கிறேன்.

வாலு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கோபப்படாமல் படிக்க வேண்டும். முன்பெல்லாம் அந்த வண்டி யார் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறார்களோ அவர்கள் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் இந்த வேலைக்கு வந்த பிறகு, ஒவ்வொரு பகுதியிலும் காசநோயால் எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று முதல் தடவையாக அட்டவணை போட்டேன். ஒரு வருஷம் பிடித்தது. படச்சுருள் கொஞ்சம்தான் வருகிறது, அதனால் சாவு எங்கே அதிகமோ அங்கே வண்டி போக வேண்டும் என்று வாதாடி ஒப்புக்கொள்ள வைத்தேன்.

உங்கள் மெத்தைக் கம்பெனிக் குடியிருப்பில் ஐந்து வருஷத்தில் இறந்தவர்கள்: ஐம்பத்தைந்துக்கு மேல் பத்தொன்பது பேர். முப்பத்தைந்து முதல் ஐம்பத்துநான்கு வரை இரண்டு பேர். பதினைந்து முதல் முப்பத்துநான்கு வரை ஒருவர்கூட இல்லை. அந்த வயதுக்காரர்கள்தான் அங்கே மிக அதிகம், ஆனால் சாவு சுழி. அங்கே போன வண்டி யாரை முதலில் பார்க்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

என் சொந்தக்காரப் பெண் என்று ஒரு சீட்டு எழுதினால் நாளைக்கு எல்லோரும் எழுதுவார்கள். பிறகு அட்டவணை எதற்கு? வாலுவின் வயதில் உங்கள் பகுதியில் யாரும் இந்த நோயில் போனதில்லை என்பதே ஒரு தைரியம்தானே அண்ணி. பஞ்சு ஒத்துக்கொள்ளாததாகத்தான் இருக்கும். எதற்கும் லீவு கிடைக்கும்போது இங்கே அனுப்பி வையுங்கள், ஒருமுறை பார்த்துவிடலாம். வாயாடிக்கு என் அன்பு.

தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

தைரியம் கொடுத்ததற்கு ரொம்ப நன்றி. உங்கள் கடிதம் வந்த அன்று சாயங்காலம் வாலு கழுவுமிடத்தில் குனிந்து இருமினாள். ரத்தம். முதலில் வெற்றிலை போட்டவள் மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சித்தப்பா கணக்குல நான் சாகவே முடியாதாமே, அப்புறம் என்னம்மா பயம்?" என்றாள். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சுழியாம்! உங்கள் படிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், கேளுங்கள். ஒருத்தர் மூட்டை தூக்க முடியாமல் உட்கார ஆரம்பித்தால் சூப்பர்வைசர் வருவார். "ஊருக்குப் போயி நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வாப்பா" என்பார். நல்ல மாதிரியாகத்தான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு நாங்கள் 'ஓய்வு வண்டி' என்றே பெயர் வைத்திருக்கிறோம். எங்கள் அறை வரிசையே கூடி மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிடுவோம். ஜன்னல் சீட்டில் உட்கார வைப்போம், வழிக்குத் தண்ணீர் கொடுப்போம், கை காட்டுவோம். திரும்பி வந்தவர்கள் யாருமில்லை. இரண்டு நாளில் அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பதினெட்டு இருபது வயதில் புதிதாக ஒருத்தரைக் குடிவைத்துவிடுவார்கள்.

துணி வெட்டும் மேஜையில் நின்ற நெட்டையன் அப்படித்தான் போனான். பக்கத்து அறைக்காரி மடியில் குழந்தையோடு போனாள், அவளுக்கு இருபத்துநாலுகூட ஆகவில்லை. வாலுவுக்கு ஓரம் தைக்கக் கற்றுக்கொடுத்தவள் போன வருஷம் போனாள். இவர்களெல்லாம் எங்கே செத்தார்கள்? எவன் கணக்கில் செத்தார்கள்? இங்கேயே சாகிறவர்கள் யார் தெரியுமா? பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்து கூடவே இருக்கிற கிழவன் கிழவிகள். அவர்கள் வேலைக்குப் போவதில்லை, அதனால் யாரும் துரத்துவதில்லை. வீடு வீடாக வரும் நர்ஸம்மா பார்த்து எழுதிக்கொண்டு போகிறார். அதைத்தான் நீங்கள் அட்டவணை போட்டிருக்கிறீர்கள்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் அண்ணன் பதினாறு வருஷம் இந்தப் பஞ்சில் நின்றார். முப்பத்தொன்பது வயதில் போனார். உங்கள் அட்டவணையில் இருக்கிற அந்த இரண்டு பேரில் அவர் இருக்கிறாரா? பார்த்துச் சொல்லுங்கள்.

அண்ணி


ஜூன் 21

அண்ணிக்கு,

பார்த்தேன். அண்ணன் அதில் இல்லை.

சொந்த ஊர்ப் பகுதியின் அட்டவணையில் இருக்கிறார். அங்கே 'விவசாயம்' என்று எழுதியிருக்கிறார்கள். பதிந்தவருக்கு என்ன தெரியும், பூர்வீக வீட்டில் செத்தவர் விவசாயியாகத்தான் இருப்பார். அந்தத் தாளையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்தான் அண்ணி. என் அண்ணன் ஒரு எண்ணாக என் கையைத் தாண்டிப் போயிருக்கிறார், எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் எழுதியதை இரண்டு நாள் திருப்பித் திருப்பிப் படித்தேன். உயிரோடு இருப்பவர்களை உங்கள் குடியிருப்பில் வைத்து எண்ணியிருக்கிறேன், அவர்களுடைய சாவை வேறு எங்கெங்கோ எண்ணியிருக்கிறேன். சுழி வராமல் என்ன செய்யும்? மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் கெட்டவர் இல்லை. "செத்த இடம்தான்யா கணக்கு. ஒவ்வொருத்தனும் எங்க வேலை பார்த்தான், எங்க இருமினான்னு தேடிக்கிட்டு இருந்தா நாம எப்பய்யா ரிப்போர்ட் அனுப்பறது? சின்ன வயசுக்காரன் ஒருத்தன் அந்த இடத்துல செத்ததுக்கு ஒரு ஆதாரம் காட்டு, நான் வண்டிக்கு வெச்ச வயசு வரம்ப மாத்தறேன்" என்றார். பன்னிரண்டு பகுதிகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், மெத்தைக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்து இறந்தவர் யாராவது உண்டா என்று. பதில் வர மாதங்கள் ஆகும்.

அதுவரைக்கும் வாலு தாங்க மாட்டாள். அவளை உடனே அழைத்துக்கொண்டு வாருங்கள். இங்கே மார்புநோய் வார்டில் சொல்லி வைத்துவிட்டேன். ஊசியும் மாத்திரையும் ஒழுங்காகப் போட்டால் பிழைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம், இது நான் கண்ணால் பார்ப்பது. என் மனைவி முன்னறையை ஒழித்து வைத்திருக்கிறாள். வேலை போனால் போகட்டும், அறை போனால் போகட்டும். நானிருக்கிறேன் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

தம்பி


ஜூன் 27

தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் பஞ்சு உதிர்க்கும் கொட்டகையில் இருந்தேன். வாலு பிரித்துப் படித்துவிட்டாள். அதுதான் வினையாகிப்போயிற்று.

நான் சந்தோஷமாகத் துணிமணியைக் கட்ட ஆரம்பித்தேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். "யாருக்கும்மா கட்டறே?" என்றாள். உனக்குத்தான்டி என்றேன். "நான் வரல" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "அங்க வந்து செத்தா நான் சித்தப்பா ஊர் கணக்கு. இங்க செத்தாத்தான் அந்தச் சுழியில ஒண்ணு விழும். ஒண்ணு விழுந்தா வயச மாத்தறேன்னு அந்தப் பெரிய ஆபீசர் சொல்லியிருக்காரே, படிக்கலையா நீ?" என்றாள். நீ பிழைப்பாய் என்று சித்தப்பா எழுதியிருக்கிறாரே, அதைப் படிக்கவில்லையா என்று கத்தினேன். "சொந்த அண்ணனையே விவசாயின்னு கையெழுத்துப் போட்டவர்தானேம்மா" என்று சிரிக்கிறாள். சிரித்தால் இருமல் வருகிறது, இருமினால் துண்டு சிவக்கிறது.

தையல் வரிசைப் பெண்கள் எல்லாரும் அவள் பக்கம். சூப்பர்வைசர் கண்டுபிடிக்காமல் இருக்க இவள் பங்கு ஓரத்தையும் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். அதில் மூன்று பேருக்குச் சாயங்காலக் காய்ச்சல் வருகிறது, எனக்குத் தெரியும். அவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் வந்து வாலுவுக்குத் தலை வாரிவிட்டுப் போகிறார்கள். அவர்களை எப்படித் திட்டுவேன்? என் பிள்ளை செத்தால் அவர்களுக்கு வண்டி வரும்.

தம்பி, எனக்கு அட்டவணையும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். ஊரில் உள்ள பெண்கள் எல்லாரும் எக்கேடு கெட்டாலும் எனக்கு என் பிள்ளை வேண்டும். இப்படி எழுத வெட்கமாக இல்லை. நீ போட்ட முடிச்சு இது, நீயே வந்து அவிழ். உன் பேச்சைத்தான் அவள் கேட்பாள். வாடா.

அண்ணி


ஜூலை 5

தம்பி,

வரச் சொன்னது நான்தான். ஆனால் ஜீப்பிலா வருவார்கள்? காசநோய்த் தடுப்பு என்று இரண்டு பக்கமும் கொட்டை எழுத்தில் எழுதின ஜீப்பை எங்கள் அறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, நர்ஸம்மாவோடு இறங்கி, டப்பாவில் சளி எடுத்துக்கொண்டு போனால் சூப்பர்வைசர் என்ன, வந்தது மாப்பிள்ளை வீட்டார் என்றா நினைப்பார்? பத்து வருஷம் ஆபீஸில் உட்கார்ந்தும் உனக்கு இது தோன்றவில்லையே.

நீ போன அரை மணியில் வந்துவிட்டார். வழக்கம்போல் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "ஞாயித்துக்கிழமை பஸ் இருக்கும்மா. பொண்ண ஊருல வெச்சு நல்லா கவனிங்க. நீங்க வேணும்னா திரும்பி வாங்க" என்றார். சாவியை இப்போதே வாங்கிக்கொண்டு போய்விட்டார். உள்தாழ்ப்பாள் மட்டும்தான் எங்களுக்கு மிச்சம்.

உன்னை நான் குறை சொல்லி முடித்துவிட்டேன். இனி கேள். அவளிடம் நீ தனியாகப் பேசியது என்ன என்று எனக்குத் தெரியாது. நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்தேன், அவள் மனம் மாறவில்லை என்று புரிந்துவிட்டது. ஆனால் இப்போது தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு கிடக்க அவளுக்கு உடம்பில் தெம்பில்லை. நேற்று எழுந்து உட்கார முயன்று முடியாமல், "எனக்காக இல்லம்மா, உனக்காக வர்றேன்" என்றாள். யாருக்காக இருந்தால் என்ன. வருகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் ஏறுகிறோம்.

அண்ணி


ஜூலை 8

அண்ணிக்கு,

ஜீப் விஷயத்தில் நான் மடையன்தான். அவளைச் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்ற அவசரத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

சளிப் பரிசோதனை வந்துவிட்டது. கிருமி இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அந்தச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். வழியில் யாராவது கேட்டால் காட்டத் தேவையில்லை. வந்த அன்றே ஊசி ஆரம்பித்துவிடலாம். வார்டு டாக்டர் எனக்குத் தெரிந்தவர், "கொண்டு வாங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்.

பஸ்ஸில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அவளைப் படுக்கவிடாமல் சாய்ந்து உட்கார வையுங்கள். நிலையத்தில் ஸ்ட்ரெச்சரோடு நிற்பேன். இந்தத் தடவை ஆஸ்பத்திரி வண்டியில் எந்த எழுத்தும் இருக்காது.

தம்பி


ஜூலை 12

அண்ணி,

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி, மதிய வண்டி, கடைசி வண்டி மூன்றிலும் ஏறிப் பார்த்தேன். கண்டக்டரிடம் கேட்டேன். ஒரு அம்மாவும் பெண்ணும் ஏறினார்கள், டீக்கடை நிறுத்தத்தில் இறங்கியவர்கள் திரும்ப ஏறவில்லை என்கிறார். மனம் என்னென்னவோ நினைக்கிறது. திங்களும் செவ்வாயும் நிலையத்தில்தான் இருந்தேன். ஒரு வார்த்தை எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

தம்பி


ஜூலை 14

தம்பி,

உட்கார்ந்து எழுத இன்றைக்குத்தான் கை வந்தது.

வழியனுப்ப வரிசை முழுக்க வந்தது. வாலு எல்லோருக்கும் கை காட்டினாள். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் என் காதருகில் வாயை வைத்து, "வழியில ஏதாவது ஆச்சுன்னா என்னைத் திருப்பிக் கொண்டு போயிடும்மா" என்றாள். வாயில் அடித்தேன். மெதுவாகத்தான் அடித்தேன். அவளை நான் கடைசியாகத் தொட்டுப் பேசியது அதுதான். வெய்யில் ஏறினபோது ஒரு இருமல் வந்தது. ஒன்றே ஒன்று. நிற்கவில்லை. துண்டு போதவில்லை, என் மடி போதவில்லை. முன் சீட்டில் இருந்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கத்துவதற்கு எனக்கு வாய் வரவில்லை. பிறகு அவள் என் தோளில் சாய்ந்தாள். நான் போர்வையை இழுத்து மூடினேன்.

டீக்கடை நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். நம் கம்பெனி லாரி மெத்தையை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி வந்து அங்கே நின்றுகொண்டிருந்தது. எங்கள் அறை வரிசையில் குடியிருக்கிற தாடிக்காரர்தான் டிரைவர். நான் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். வந்தார். "என்னக்கா, பொண்ணு தூங்குதா?" என்றார். ஆமாம், எழுப்பாதே என்றேன். போர்வையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் லாரியில் பின்னால் கிடந்த பஞ்சுச் சாக்குகளின் மேல் படுக்க வைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். உன் ஊர் இருக்கிற திசையில் அந்த பஸ் போவதைப் பார்த்தேன் தம்பி. அதில் ஏறி வந்திருக்கலாம். நீ ஸ்ட்ரெச்சரோடு நிற்பாய் என்று தெரியும். ஆனால் இனி அவளுக்கு எந்த ஆஸ்பத்திரியும் வேண்டாம், அவள் கேட்ட ஒன்றுதான் பாக்கி இருந்தது.

எங்கள் அறையில் அதற்குள் சுண்ணாம்பு வாளியை வைத்துப் பூட்டியிருந்தார்கள். தையல் வரிசைப் பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி கம்பெனி மணியடிக்கிற தண்டவாளத் துண்டை எடுத்துப் பூட்டை உடைத்தாள். பாதிச் சுவர் ஈரமாக இருந்தது. நடுவில் படுக்க வைத்தோம். சூப்பர்வைசர் வந்து, "இது என்னம்மா அநியாயம், வெளியே எங்கேயோ..." என்று ஆரம்பித்தார். தாடிக்காரர் குறுக்கே நின்று, "வெளியே எங்கயும் போகல சார், காலையில இருந்து இங்கதான் கிடக்குது. நான் பார்த்தேன்" என்றார். பெண்கள் அத்தனை பேரும் நாங்களும் பார்த்தோம் என்றார்கள். நீ அனுப்பிய சளிச் சீட்டை, சாவைப் பதிய வந்த நர்ஸம்மாவிடம் கொடுத்தேன். வயது இருபது, மெத்தைத் தையல் தொழிலாளி, இறந்த இடம் கம்பெனிக் குடியிருப்பு, நோய் காசநோய். நான் சொல்லச் சொல்ல எழுதினார். 

எது நிஜம் என்று இப்போது உனக்குத் தெரியும். நீ கணக்கில் பொய் வராமல் பார்த்துக்கொள்கிறவன். இந்தக் கடிதத்தை மேலே காட்டினால் அவள் அந்த டீக்கடைப் பகுதியின் கணக்கில் போய்ச் சேர்வாள். காட்டாவிட்டால் இங்கே இருப்பாள்.  பிழைக்க வைக்கலாம் என்றுதான் ஏற்றினேன். அதை மட்டும் நீ நம்பு.

அண்ணி


ஜூலை 19

அண்ணி,

உங்கள் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். என் மனைவி பக்கத்தில் நின்றாள். எழுதுகிற வேலைக்கு வந்த பிறகு நான் தெரிந்தே செய்யும் முதல் பொய் இது. இத்தனை நாளும் தெரியாமல் செய்ததைவிட இது சின்னது.

குடியிருப்பிலிருந்து பதிவு வந்துவிட்டது. என் கையாலேயே ஏற்றினேன். பதினைந்து முதல் முப்பத்துநான்கு வரை, ஒன்று. எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை மூட முடியவில்லை. மேலதிகாரியிடம் எடுத்துப்போனேன். "ஒண்ணுதானேய்யா, தற்செயலா இருக்கலாமே" என்றார். "ஒண்ணுதான் சார். எங்க அண்ணன் பொண்ணு" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வயது வரம்பு உங்கள் குடியிருப்புக்கு நீங்கிவிட்டது. படத்தைக் கம்பெனிக்குக் காட்ட மாட்டார்கள், மருந்தும் வண்டியிலேயே வரும். வேலையிலிருந்து யாரையும் அனுப்பக் கூடாது என்று தனியாக ஒரு உத்தரவு கேட்டிருக்கிறேன். அது கிடைக்குமா என்று தெரியவில்லை. கிடைக்காமல் போகலாம். அப்படிப் போனால் அந்தப் பெண்கள் பழையபடி பஸ் ஏறுவார்கள், எனக்கு அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஜீப்பில் வந்த அன்று அவளிடம் நான் தனியாகப் பேசியது என்ன என்று தெரியாது என எழுதியிருந்தீர்கள். பேசியது அவள்தான். கொஞ்ச நேரம் என்னைக் கேலி செய்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாவும் இருமறா சித்தப்பா. என் முன்னாடி வாயை மூடிக்கிறா, கொட்டகைக்குப் பின்னாடி போயி இருமறா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. நான் சொன்னா கேக்க மாட்டா. எல்லாருக்கும்னு எக்ஸ்ரே வண்டி வந்தா அவளும்தான் ஏறுவா" என்றாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை காலை எக்ஸ்ரே வண்டி அங்கே வருகிறது. பஞ்சு இருமல் என்று சொல்லாதீர்கள் அண்ணி. வரிசையில் முதல் ஆளாக நில்லுங்கள். நான் வண்டிக்குள்தான் இருப்பேன்.

தம்பி